புகையின் புது விலாசம்

மட்டக்களப்பு,
வெள்ளி இரவு.

அன்புள்ள மச்சான்,

ஐந்து மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. கணக்கு நேர். இங்கே எல்லோரும் சுகம். மனைவியின் முழங்கால் அப்படியேதான். நம் கூட்டாளி ‘கொக்கு’ ஓய்வுபெற்ற பிறகும் சந்தைக்கு டை கட்டிக்கொண்டு போகிறான். லண்டனில் பிறந்த உன் மகள் நம் மட்டக்களப்பு ‘மறுகா’ சொல்லப் பழகிவிட்டாளாமே. இனி அவளை யாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது.

என்னை எழுத வைத்தது வேறு விஷயம். போன கிழமை அப்பக்கார அக்கா வீட்டுக்குப் போனேன்.

நம் வளவுகளுக்குப் பின்னால் குப்பை எரித்ததை எதிர்த்து மனுக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? எழுதியவன் நான். விஞ்ஞான ஆசிரியன் என்ற திமிர் வேறு. புகையிலுள்ள நுண்துகள் தலைமுடித் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான், மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். ரெஜிபோம் பெட்டிக்கும், பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதற்கும் 2017 செப்டெம்பரில் வந்த தடையையும் எடுத்துக் காட்டினேன். மூன்றே மாதத்தில் வண்டிகள் வருவது நின்றது. கொக்கு பாயசம் காய்ச்சினான். உனக்குப் படம்கூட அனுப்பினேன்.

அந்த வண்டிகள் பிறகு எங்கே போகின்றன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பாயசத்தில் முந்திரிகை குறைவு என்றுதான் பேசிக்கொண்டோம்.

சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டம் ஒன்றில்தான் அக்கா இருக்கிறார். அதற்கு மேற்கே ஒரு வெட்டை. இப்போது குப்பை அங்கேதான் எரிகிறது. கச்சான் என்கிற மேல்காற்று எழும்பினால் புகை நேரே குசினிக்குள் வரும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உள்ள வீட்டில் ஜன்னலைச் சாத்தி என்ன பயன்? அக்காவின் பேத்திக்கு ஏழு வயது. நான் போனபோது திண்ணையில் குந்தியிருந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் மட்டும் ஆறு முறை ஆஸ்பத்திரியில் புகை பிடித்திருக்கிறார்களாம். நெபுலைசரை அக்கா அப்படித்தான் சொல்கிறார்: “அந்தப் புகை பிடித்தால் இந்தப் புகை போகும் சேர்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பைக் காட்டினேன். விடியற்காலையிலேயே பொச்சுமட்டை வைத்து எரித்தால் பிள்ளைக்கு முட்டு வராதா என்று கேட்டேன். முழுப் பொய்யுமில்லை, அடுப்புப் புகையும் நஞ்சுதான். அக்கா அப்பத்தைத் திருப்பவேயில்லை, கருகவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த அடுப்பை நான் நினைத்தால் அணைக்கலாம் சேர்.”

மச்சான், அந்த வீட்டுத்திட்டத்துக்குக் குப்பை வண்டி போவதேயில்லை. அவர்களுடைய குப்பையை எடுக்க ஆளில்லை, நம்முடைய கலியாண மண்டபத்துக் குப்பையை அவர்கள் பக்கத்தில் கொட்ட மட்டும் வழி இருக்கிறது.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு இந்தியப் பக்கமிருந்து அழுக்குக் காற்று வந்ததே. 9ஆம் திகதி தீவு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் மீன்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே காற்றைச் சுவாசித்த நாள் அது, அதனால் லீவு கிடைத்தது. அக்காவின் பேத்திக்குக் கிழமையில் மூன்று நாள் அந்தக் காற்று. அவள் வராவிட்டால் இடாப்பில் ஒரு புள்ளடி, அவ்வளவுதான்.

நீ முன்பு சொன்ன உங்கள் லண்டன் லூயிஷம் சிறுமியின் நினைவு வந்தது. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. ‘எல்லா’ என்பது ஒரு பிள்ளையின் பெயர் என்று எனக்குப் பிடிபடவே நேரமெடுத்தது. வாகனம் நெரியும் சவுத் சேர்குலர் வீதியருகே வளர்ந்து, 2013இல் ஒன்பது வயதில் ஆஸ்துமாவில் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று பிரிட்டனில் முதல் தடவையாக மரண விசாரணையில் எழுத வைக்க, அவளுடைய தாய் 2020 டிசெம்பர் வரை போராட வேண்டியிருந்தது. அங்கேயே ஏழு வருடம் என்றால் இங்கே யார் எழுதப் போகிறார்கள்?

மனுவைத் திரும்ப எழுதிவிட்டேன், இந்த முறை நுண்துகளுக்கு நாலே வரி. கொக்கு கையெழுத்துப் போட மாட்டானாம். “அங்கே நிறுத்தினால் திரும்ப இங்கேதானே வரும்?” என்கிறான். அவனைத் திட்டிவிட்டு வந்தேன். வந்து படுத்தால், நானும் அதைத்தான் பயப்படுகிறேன் என்று தெரிகிறது. தரம் பிரித்து, மக்குவதைப் பசளையாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்பார்களா தெரியாது.

உன் வளவு இன்னும் உன் பெயரில்தானே இருக்கிறது? முதல் மனுவில் நீ பதினான்காவது ஆள். இதிலும் உன் பெயரைப் போடவா? சீக்கிரம் பதில் எழுது.

அக்கா உன்னை விசாரித்தார். பத்தாம் வகுப்பில் நீ சாப்பிட்ட நான்கு அப்பத்தின் காசு இன்னும் வரவில்லையாம்.

அன்புடன்,
உன் ‘அமில மழை’