குடியானவர்களின் பெயரும் வரலாறுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய கட்டுரையில் அந்நாட்டின் ராஸ்காமன் பகுதியின் மாஹன் குடும்பத்தையும் சேர்த்திருக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் நிலம் பெற்ற குடும்பம் அது. 1800இல் ஹார்ட்லண்ட் பிரபு பட்டமும் வந்தது. 1845இல் மூன்றாம் பிரபு பிள்ளையில்லாமல் இறந்துபோக, சொத்து உறவினர் டெனிஸ் மாஹனுக்குச் சேர்ந்தது. ஏழைகளின் முக்கிய உணவான உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

1847இல் டெனிஸ் மாஹன் தன் நிலத்தில் குத்தகைக்கு இருந்த 1,490 குடியானவர்களைக் கனடாவுக்கு அனுப்பினார். பாவம், பச்சைக் குழந்தைகளோடு டப்ளின் வரை நடந்தே போனார்கள். அப்புறம் லிவர்பூல், அங்கிருந்து கப்பல். காய்ச்சலில் கடலிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நவம்பரில் மாஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயர் எல்லா வரலாற்றிலும் இருக்கிறது.

வம்சாவளி என்றாலே பட்டம், கல்யாணம், வாரிசு என்று எழுதிவிட்டுப் போகிறோம். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. 1979இல் ஸ்ட்ரோக்ஸ்டவுனிலுள்ள மாஹன் குடும்ப மாளிகை கைமாறியபோது, பழைய காகிதங்களுக்கிடையே குத்தகைதாரர்கள் உதவி கேட்டு எழுதிய மனுக்களும் கிடைத்தன. 1994 முதல் அங்கேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மனுக்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்