இரண்டு மதிப்பெண் போட்டவனின் மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புற நகரங்களிலும் சிறுவர் ஐஸ் ஹொக்கி அணிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் தேர்வாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் தெரியாது. பரவாயில்லை, ஆங்கிலத்தில் ஆக்கித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தேர்வு நாட்களில் போர்வையும் கோப்பிக் கோப்பையுமாகப் படிகளில் குந்தியிருக்கும் தமிழ்ப் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

நான் வெளியில் நின்று கல்லெறிபவன் அல்லன். நான்கு வருடம் நானும் அந்த மேசையில் இருந்திருக்கிறேன். விறைத்த விரல்களால் இலக்கங்களைத் தேடித் தேடி மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு மிகத் தவறாகவும் போட்டேன். அந்தத் தவறைப் பற்றித்தான் இந்த மடல். அவன் தாக்குதல் ஆட்டம் ஆடும் டிஃபென்ஸ் பிள்ளை, அதாவது பின்னால் நின்று தற்காக்கும் இடத்திலிருந்து முன்னே ஏறித் தாக்குபவன். இந்த வகைப் பிள்ளைகளைத்தான் நாம் அதிகம் பிழையாக எடைபோடுகிறோம் என்பது என் எண்ணம்.

அன்று 13 வயதுக்குட்பட்ட பிரிவின் தேர்வு. அவன் முதுகில் 14. ஐம்பது நிமிடத்தில் இரண்டு தடவை பக்கை, அதாவது மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டை, தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை கொண்டு போனான். முதல் தடவை நல்ல ஷொட் அடித்தான். இரண்டாம் தடவை எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் பக்கைப் பறிகொடுத்தான். எதிரணியினர் இருவர் புறப்பட்டு வந்தார்கள், எங்கள் பக்கம் தனியாக ஒரு டிஃபென்ஸ். கோல். மேசையில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு பெருமூச்சு விட்டார். நான் 'தற்காப்பு' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு எழுதினேன். அதே நாளில் இன்னொரு பிள்ளை, பக் கைக்கு வந்தபோதெல்லாம் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைக்கு மேலே கண்ணாடியில் ஓங்கி அடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் நின்ற நேரத்தில் ஒரு கோலும் விழவில்லை. அவனுக்கு நான்கு.

ஒரு வாரம் கழித்து ஒரு தகப்பன் தன் கைபேசியில் பிடித்த வீடியோவைக் காட்டினார். தன் பிள்ளையைப் பார்க்கச் சொல்லித்தான் காட்டினார். என் கண் 14இல் போய் நின்றது. தன் பக்க மூலையில் கிடந்த பக்கை எடுக்கப் போகிறான். அதைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலால் இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறான். துரத்தி வருபவனுக்கு இடப்பக்கம் போவதாகத் தோள் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்புகிறான். துரத்தியவன் வலைக்குப் பின்னால் தனியே போய்விட்டான். விங்கில், அதாவது முன்வரிசையின் ஓரத்தில், நின்ற பிள்ளைக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கி, நடுக்கோட்டைத் தாண்டி, எதிர் நீலக்கோட்டில் ஒரு பாஸ் கொடுக்கிறான். முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் நிற்க வேண்டிய இடத்துக்கு, மிகச் சரியாக. சென்டர் அங்கே இல்லை. ஆள் மாறுவதற்காக பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தான்! டிஃபென்ஸ் மேலே ஏறினால் அவன் விட்ட இடத்தை முன்வரிசையில் ஆடும் ஒரு ஃபோர்வர்ட் வந்து மூட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஃபோர்வர்டும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கை இழந்த 14 தலையைத் தொங்கப்போடாமல் பின்னால் பறந்து வந்து, கோல் விழும்போது ஒரு மட்டை நீளம் பின்னால் இருந்தான்.

இந்த ஓட்டம் முழுவதும் எடுத்த நேரம் 15 வினாடி இருக்கும். அதில் கடைசி மூன்று வினாடிக்குத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

இதில் என் கண்ணை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாம் வைத்திருக்கும் தாளே அப்படித்தான் கேட்கிறது. சறுக்கல், பாஸ், ஷொட், தற்காப்பு, முனைப்பு என்று கட்டம் கட்டமாக. தாக்குதல் ஆடும் டிஃபென்ஸ் பிள்ளையின் திறமை இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. எப்போது போவது, எப்போது நிற்பது என்று அரை வினாடியில் அவன் எடுக்கும் முடிவில்தான் அது இருக்கிறது. பிழைத்த முடிவு கோலாக எல்லோர் கண்ணிலும் படும். சரியாக எடுத்த பத்து முடிவுகளில் எட்டு ஒருவர் கண்ணிலும் படாது, ஏனென்றால் அந்த எட்டிலும் அவன் போகாமல் நின்றிருப்பான்.

பொபி ஓர் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படிகளில் இருப்பவர்களுக்காக இரண்டு வரி. அவர் பொஸ்ரன் அணியின் டிஃபென்ஸ் ஆட்டக்காரர். கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவும் அசிஸ்ட்டுக்கு ஒன்று என்று எண்ணும் புள்ளிக் கணக்கில், 1969-70 பருவத்தில் 120 புள்ளிகளோடு வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். முழுவதிலும் முதலிடம் பிடித்தார். 1974-75இல் 135 புள்ளிகளோடு மறுபடியும் பிடித்தார். இன்றுவரை அந்தப் பட்டியலில் முதலாவதாக வந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வேறு எவரும் இல்லை. அவரைக் கண்டுபிடித்த கதைதான் நமக்கு வேண்டியது. 1961இல் ஒன்ராறியோவின் கனனோக்வேயில் சிறுவர் போட்டி ஒன்றுக்கு பொஸ்ரன் அணியின் ஆட்கள் வேறு இரண்டு பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தார்கள். பரி சவுண்ட் ஊரிலிருந்து வந்திருந்த இந்தச் சின்னப் பிள்ளையைக் கண்டபிறகு வந்த வேலையை மறந்தார்கள். எதைத் தேடி வந்தோம் என்று எழுதிய தாள் அவர்கள் கையிலும் இருந்திருக்கும்தானே. அதிலிருந்து கண்ணை எடுக்க அவர்களால் முடிந்தது.

(கையில் பிடித்திருக்கும் கோப்பிக் கோப்பையில் பெயர் எழுதியிருக்கிறதே, அந்த ரிம் ஹோர்ட்டனும் டிஃபென்ஸ் ஆடியவர்தான். ரொறன்ரோவுடன் நான்கு தடவை என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் வென்றார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் கோப்பிக்கடைக்காரர்.)

புள்ளிக் கணக்கைக் காட்டி வாதாடும் பெற்றோருக்கும், பிளஸ்-மைனஸ் கணக்கைக் (ஒருவர் ஐஸில் நிற்கும்போது அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைப் பொதுவாகக் கழிப்பது) காட்டி மறுக்கும் கோச்சுகளுக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஓர் 1970-71இல் பிளஸ் 124. அந்தச் சாதனையை இன்னும் ஒருவரும் தொடவில்லை. எரிக் கார்ல்சன் 2022-23இல் 101 புள்ளி எடுத்து, சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நொரிஸ் விருதையும் வாங்கினார். அந்தப் பருவத்தில் அவர் கணக்கு மைனஸ் 26. மோசமான அணியில் ஆடினார், அவ்வளவுதான். ஒரு பருவத்தில் 80க்கும் மேல் ஆட்டம் ஆடும் வளர்ந்த மனிதர்களிடமே இந்தக் கணக்கு இப்படித் தடுமாறுகிறது. மூன்று தேர்வு நாட்களில் 12 வயதுப் பிள்ளையைப் பற்றி அது என்ன சொல்லிவிடும்?

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். இந்த மடலைப் பார்த்து, மகனை எடுக்கவில்லை என்ற கோபத்தில் இருக்கும் தகப்பன்மார் கைதட்ட வேண்டாம். டிஃபென்சில் நின்று ஏறி ஆடும் எல்லாப் பிள்ளையும் என்.எச்.எல். நட்சத்திர டிஃபென்ஸ் கேல் மகார் இல்லை. அந்த வயதில் சிலர் மற்றவர்களைவிட வேகமாக இருப்பார்கள், அதனால் எல்லோரையும் தாண்டிப் போவார்கள். பெரும்பாலும் அதில் பிறந்த மாதத்துக்கும் பங்கு உண்டு. வயது ஜனவரி 1இலிருந்து கணக்கிடப்படுவதால், ஜனவரிப் பிள்ளையும் டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். கனடிய ஹொக்கி அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டும் தேர்வுத் தாளில் பிறந்த மாதத்துக்கு நாம் ஒரு கட்டம் வைக்கவில்லை.

அப்படித் தாண்டிப் போகும் பிள்ளையைப் பார்க்கும்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: மற்றவர்களும் இவனளவு வேகம் பெற்ற பிறகு இவனிடம் என்ன மிஞ்சும்? சிலரிடம் ஒன்றும் மிஞ்சாது. தலையைக் குனிந்து பக்கைப் பார்த்தபடியே ஓடுவான். வலைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அதே வழியால் திரும்பி வந்து, ஒன்றரை நிமிடம் ஐஸிலேயே நின்று, பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளைக் காயப்போடுவான். பக் போனால் மட்டையைப் பலகையில் அடிப்பான், திரும்பி வரும்போது உலா வருவான். 13 வயதுக்குட்பட்ட பிரிவு வரை இது நட்சத்திர ஆட்டம்போலத் தெரியும். கனடாவில் உடலால் மோதித் தடுக்க அனுமதி 15 வயதுக்குட்பட்ட போட்டிப் பிரிவில்தான் தொடங்குகிறது. தலைகுனிந்து ஓடும் பிள்ளைக்கு அந்த முதல் அக்டோபர் மிகக் கடுமையாக இருக்கும். ஆட்டத்தை விடுங்கள், உடம்பு என்னாவது? பத்து, பதினொரு வயதில் தலை நிமிர்ந்து ஆடுகிறானா என்று நாம் பார்ப்பது அவனுடைய பாதுகாப்புக்காகவும்தான்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கை எடுக்கப் பின்னால் போகும் அந்தக் கணம். டிஃபென்ஸ் பிள்ளையின் தாக்குதல் தொடங்குவது எதிரணியின் நீலக்கோட்டில் இல்லை, தன் மூலையில்தான். தொடுவதற்கு முன் தோளுக்கு மேலால் பார்த்தானா, எத்தனை தடவை? பார்த்ததை வைத்து ஏதாவது செய்தானா? பார் என்று கோச் கத்துவதால் சும்மா தலையை ஆட்டிவிட்டு, முன்பே நினைத்து வைத்ததைச் செய்யும் பிள்ளைகளும் உண்டு. பார்த்தவன் கண்ணாடியில் அடித்தாலும் அது ஒரு முடிவு. பார்க்காதவன் அழகான பாஸ் கொடுத்தாலும் அது அதிர்ஷ்டம். ஒரு நாள் இதை மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பட்டியல் தலைகீழாக மாறினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிறகு, அவன் ஏறிப் போவதற்கு முன் தன்னோடு டிஃபென்சில் நிற்கும் ஜோடி எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறானா. எதிரணியின் நீலக்கோட்டில் பக் கிடைத்ததும் நின்ற இடத்திலிருந்து ஓங்கி அடிக்கிறானா, அல்லது கோட்டோரமாகப் பக்கவாட்டில் இரண்டடி சறுக்கி, முன்னால் நிற்கும் கால்களுக்கு இடையில் வழி திறக்கும்வரை பொறுக்கிறானா. அந்த இரண்டடி பலமில்லாத பிள்ளைக்கும் சாத்தியம், வயது போனாலும் கைவிட்டுப் போகாது. எதிராளி வரும்போது பின்னோக்கிச் சறுக்கியபடி இடைவெளியைச் சுருக்குகிறானா, இல்லை வலை வரை பின்வாங்கிப் போகிறானா. தாக்குதல் ஆடுபவனுக்கு இது தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நீலக்கோட்டிலேயே எதிராளியை மறித்துப் பக்கை எடுத்தால் அதே வேகத்தில் திரும்ப ஏறலாம். நல்ல இடைவெளிதான் நல்ல தாக்குதலின் முதல் அடி.

பிழை விட்டபிறகு வரும் அடுத்த ஷிஃப்டையும், அதாவது அவன் அடுத்து ஐஸில் இறங்கும் முறையையும், தவறவிடாதீர்கள். அடுத்த தடவை வழி திறந்திருந்தும் போகப் பயப்படுகிறானா, மூடியிருந்தும் ரோசத்தில் போகிறானா, அல்லது வழியைப் பார்த்து முடிவெடுக்கிறானா? பெஞ்சில் கோச் அவனிடம் என்ன சொன்னார் என்பதும் இதில் கலந்திருக்கும். பக்கைத் தொலைத்தால் பெஞ்சில் குந்த வைப்பேன் என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளை வருடம் முழுவதும் கண்ணாடியில் அடிப்பான். பிறகு அவனிடம் கற்பனை இல்லை என்று தாளில் எழுதுவோம்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் 2022 தெரிவின்போது, உயரம் குறைந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரரான லேன் ஹட்சன் தான் இன்னும் வளர்வேன் என்பதற்கு டொக்டர் கடிதம் கொண்டுபோய் அணிகளுக்குக் காட்டினார். அப்படியிருந்தும் 62ஆவதாகத்தான் மொன்றியல் எடுத்தது. 2024-25இல், முதல் முழுப் பருவத்திலேயே, 60 அசிஸ்ட்டுகள் உட்பட 66 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார். டொக்டர் கடிதத்தோடு வரும் நிலைமைக்கு 12 வயதுப் பிள்ளைகளைத் தள்ளிவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. டிஃபென்ஸ் பிள்ளைகளைத் தேர்வு நாள் மூன்றிலும் ஆள் மாற்றி மாற்றி நிறுத்தாமல், ஒரு நாளாவது ஒரே ஜோடியோடு ஆடவிடுங்கள். முன்பின் தெரியாதவன் பக்கத்தில் நிற்கும்போது ஏறிப்போவது சூதாட்டம். முடிந்தால் தங்களைவிட வலுவான அணியோடு ஒரு ஆட்டம் வைத்துப் பாருங்கள், அங்கேதான் வேகத்தின் வேஷம் கலையும். ஐந்துக்கு எத்தனை என்று போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத இடம் விடுங்கள். இன்னொன்று: பிள்ளையிடம் கேளுங்கள். அந்த இடத்தில் ஏன் போனாய் என்று, குற்றம் சாட்டாமல், ஒரே ஒரு கேள்வி. நான்கு வருடத்தில் ஒரு தேர்வாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை.

14ஆம் இலக்கப் பிள்ளை அந்த வருடம் ஒரு படி கீழ் அணிக்குப் போனான். எங்கள் அணி அந்த மற்றப் பிள்ளையோடு ஓரளவு நன்றாகவே ஆடியது, அதையும் மறைக்கத் தேவையில்லை. போன மாதம் கோப்பிக்கடை வரிசையில் அவனைக் கண்டேன். என்னைவிட உயர்ந்துவிட்டான், தோளில் ஹொக்கிப் பை. மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை அன்று கேட்டேன்: தம்பி, அந்தத் தேர்வில் நீலக்கோட்டில் பக் போனதே, ஞாபகம் இருக்கா?

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓம் அங்கிள்," என்றான். "சென்டர் பெஞ்சுக்குப் போயிட்டான். நான் வலப்பக்கம் பார்த்திருந்தால் விங்கில் ஆள் ஃப்ரீயா நின்றான்."

வலப்பக்கத்தில் ஒருவன் நின்றதை நான் வீடியோவிலும் கவனித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்தத் தகப்பனிடம் மறுபடி அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நின்றான்.

இப்படிக்கு,
இப்போது பெனால்டி பெட்டியின் கதவைத் திறந்து மூடும் ஒரு தொண்டர்