அடைப்பு திறந்த பிறகும் ராத்திரியில் ஏன் எரிகிறது? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

சித்தி போனில் எல்லாம் சொன்னார். உணவுக்குழாய் அடைப்பைத் திறக்கும் போயம் சிகிச்சை முடிந்து சாப்பாடு நன்றாக இறங்குகிறது, ஆனால் நடு ராத்திரியில் நெஞ்சு எரிந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாயாம். பழைய நோய் திரும்பிவிட்டதோ, செய்ததெல்லாம் வீணோ என்று பயப்படுகிறாயாம். போனில் பேசினால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். எனக்கும் அதே அக்கலேசியாதான், சாப்பாடு இரைப்பைக்குள் இறங்காமல் உணவுக்குழாயிலேயே நின்றுவிடும் நோய். எனக்கு வயிற்றில் துளை போட்டுச் செய்தார்கள், உனக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுச் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ராத்திரிகளைச் சமாளிப்பது இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். சிகிச்சைக்கு முன்னால் உனக்கு எரிந்ததும் இப்போது எரிவதும் அநேகமாக வேறு வேறு. இரண்டையும் நெஞ்செரிச்சல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் ஒன்று போலத் தெரிகிறது. நம் உணவுக்குழாய்ச் சுவரில் இருக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. அதனால் விழுங்கியதைக் கீழே தள்ளும் அலை எழுவதில்லை, இரைப்பைக்கு மேலே இருக்கும் சுருக்குத்தசையும் தளர்ந்து வழிவிடுவதில்லை. சாப்பிட்டது குழாயிலேயே நின்றுவிடும். மணிக்கணக்கில் நின்ற சோறும் பாலும் அங்கேயே புளிக்கும். அப்போது படுத்தவுடன் தலையணையில் வழிந்தது ஞாபகம் இருக்கிறதா? சோறு பருக்கை பருக்கையாகவே வந்தது என்பாயே, அது இரைப்பைக்கே போகாத சோறு. அந்தப் புளிப்பில் பெரும்பகுதி குழாயில் நொதித்ததால் வந்தது. இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை அப்போது உனக்குக் கேட்காததும் அதனால்தான். நம்மைப் போன்ற பலர் நோய் இன்னதென்று தெரியும் முன்னால் வருஷக்கணக்கில் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள்.

இப்போது நிலைமை வேறு. பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். உள்ளே போக வழி கிடைத்ததுபோல, உள்ளே இருப்பது மேலே வரவும் வழி கிடைத்துவிட்டது. தசை அறுபட்டுத் திறந்திருப்பதால் இப்போது இரைப்பை அமிலம் மேலே வரலாம்.

இந்த நோய்க்கு இதுவரை வந்த வைத்தியம் எல்லாமே திறந்துவிடுகிற வைத்தியம்தான். 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சு கட்டி, ஒரு நோயாளிக்குச் சாப்பாட்டைக் கீழே தள்ளக் கொடுத்தார். அந்த நோயாளி பல வருஷம் அதை வைத்தே சாப்பிட்டார். 1913-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையையே கத்தியால் அறுத்துவிட்டார். 2008-இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே அதே வேலையை எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்தார், உனக்குச் செய்த போயம் அதுதான். ஆனால் அழிந்த நரம்பை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும், ராத்திரிக்கு நாம் செய்கிற ஏற்பாடெல்லாம் இதை வைத்துத்தான்.

எனக்குச் செய்த முறையில் தசையை அறுத்த பிறகு இரைப்பையின் மேல்பகுதியைக் கொஞ்சம் இழுத்து, குழாயைப் பாதி சுற்றித் தைத்துவிடுவார்கள். மேலே வருவதற்கு அது கொஞ்சம் தடை. போயத்தில் வழக்கமாக அது கிடையாது. 2019-இல் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வெளியானது. சாப்பாடு இறங்குவதில் போயம் கொஞ்சமும் பின்தங்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது, அமிலத்தால் உணவுக்குழாய் அழன்றிருந்தவர்கள் போயம் செய்தவர்களில் 100-க்கு 44 பேர், துளை போட்டுச் செய்தவர்களில் 29 பேர். அதனால் உனக்கு வந்திருப்பது டாக்டர்கள் எதிர்பார்க்கிற பின்விளைவுதான்.

சரி, ராத்திரிக்கு வருவோம்.

மற்றவர்களுக்கு அமிலம் மேலே வந்தால் ஒரு முறை எச்சில் விழுங்கினாலே போதும், குழாய் அலையடித்துக் கீழே தள்ளிவிடும். நமக்கு அந்த அலை இல்லை. தூங்கும்போது எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடும். மேலே வந்த அமிலம் வந்த இடத்திலேயே கிடந்து அரிக்கும். பகலில் நாம் நிமிர்ந்தே இருப்பதால் அது தானாக வடிகிறது. ஆக நமக்கு மிச்சம் இருக்கும் ஒரே துணை புவியீர்ப்புதான். சாதாரண நெஞ்செரிச்சல்காரருக்குத் தலைமாட்டை உயர்த்துவது பல யோசனைகளில் ஒன்று. நமக்கு அதிலிருந்துதான் எல்லாமே ஆரம்பிக்க வேண்டும்.

சித்தி மூன்று தலையணை அடுக்கி வைப்பதாகச் சொன்னார். அது வேண்டாம். தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கும், வயிறு அழுந்தி அமிலம் இன்னும் மேலே ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்த வேண்டும். நம் ஊர்ச் செங்கல் ஒன்று படுக்கைவாட்டில் ஏழரை சென்டிமீட்டர் இருக்கும், கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல் வைத்தால் 15 வந்துவிடும். கால் வழுக்காமல் இருக்கத் தச்சரிடம் குழி வைத்து மரக்கட்டை செய்துகொண்டால் இன்னும் நல்லது. பாயில் படுப்பதாக இருந்தால் சரிவான ஃபோம் தலையணை வாங்கிக்கொள். இடுப்பிலிருந்தே சரிவு ஆரம்பிக்க வேண்டும், தோளும் முதுகும் அதன்மேல் இருக்க வேண்டும். முதல் சில நாள் கீழே சறுக்கிக்கொண்டே போகும். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் நிற்கும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படு. இரைப்பையின் உப்பிய பகுதி இடப்பக்கம்தான் இருக்கிறது. அப்படிப் படுத்தால் அமிலம் கீழே தேங்கும், உணவுக்குழாய் சேரும் இடம் மேலே நிற்கும். வலது பக்கம் படுத்தால் நேர்மாறாகிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைகொடுத்து வைத்துக்கொண்டால் தூக்கத்தில் புரளாமல் இருக்கலாம்.

அப்புறம், சாப்பாட்டு நேரம். உங்கள் வீட்டில் சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு மேல்தான் தட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதை ஏழு மணிக்கு மாற்றியே ஆக வேண்டும். படுப்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் சாப்பாடு முடிய வேண்டும், நம்முடைய குழாய் மெதுவாகத்தான் காலியாகும். சாப்பிட்டு முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கிவிடும். மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வா. சாப்பாடு அடைக்கும்போது சோடா குடித்துத் தள்ளுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இப்போது ராத்திரியில் அது வேண்டாம், ஏப்பத்தோடு அமிலமும் வரும்.

என்ன சாப்பிடுவது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். காபியும் சாக்லெட்டும் சுருக்குத்தசையைத் தளர்த்திவிடும் என்பார்கள். உனக்கு அந்தத் தசையையே அறுத்தாயிற்று, அதனால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் பார்ப்பது இரண்டுதான். எண்ணெய் மிதக்கும் பரோட்டா சால்னா இரைப்பையில் வெகுநேரம் தங்கும். புளிப்பும் காரமும் ஏற்கெனவே புண்ணான இடத்தில் பட்டால் எரியும். ராத்திரிக்குக் குழைந்த சோறும் பருப்பும், இட்லி, கஞ்சி போதும். ரசத்தை மத்தியானத்துக்கு வைத்துக்கொள். எது உனக்கு ஆகவில்லை என்று நீயே பார்த்து ஒதுக்கு, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு மெலிந்து போகாதே. நமக்கு உடம்பில் சதை பிடிப்பதே பெரும்பாடு.

அந்தக் கேஸ் மாத்திரை இப்போது உனக்கு வேலை செய்யும். ஆனால் அதை எரியும்போது போடக் கூடாது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். ராத்திரி எரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போடலாமா என்று டாக்டரிடம் கேள். எந்த மாத்திரையையும் உட்கார்ந்தபடி ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கு. படுக்கப் போகும் நேரத்தில் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சாயாதே. சில மாத்திரைகள், குறிப்பாக இரும்புச்சத்து, வலி மாத்திரை, டாக்சிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கிவிடும். மாத்திரை இறங்கவில்லை என்று பான்டபிரசோல் என்கிற கேஸ் மாத்திரையைப் பொடித்துவிடாதே. மேல்பூச்சு போனால் அமிலம் மருந்தையே அழித்துவிடும். வாயில் கரைகிற வகையும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்.

எரியாமல் வெறும் வலியாக, நெஞ்சை இறுக்கிப் பிழிவதுபோல, முதுகுக்கோ தாடைக்கோ ஏறுகிற வலி நம்மில் பலருக்கு உண்டு. அது பெரும்பாலும் குழாய் இழுத்துப் பிடிப்பதால் வருவது. எனக்கு இளம்சூடான தண்ணீர் நாலு மடக்கு குடித்தால் விட்டுவிடும். ஆனாலும், வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, வலி கைக்கு இறங்கினாலோ, தண்ணீருக்கு விடாமல் நீடித்தாலோ, இது நமக்கு வழக்கமாக வருவதுதானே என்று இருந்துவிடாதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடு. ராத்திரியில் புரையேறி இருமி எழுவது, அதோடு காய்ச்சல், கருப்பாக மலம் போவது, எடை இறங்குவது, சாப்பாடு மறுபடி அடைப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு நோட்டில் எழுதி வை: எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், வாய்க்கு வந்தது புளித்த தண்ணீரா, சாப்பிட்ட சாப்பாடா, மாத்திரைக்குக் கேட்டதா என்று. சாப்பாடே திரும்பி வந்தால் குழாய் இன்னும் சரியாகக் காலியாகவில்லை என்று டாக்டர் சந்தேகப்படுவார். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியக் கரைசலைக் குடிக்க வைத்து 1, 2, 5 நிமிஷங்களில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். புளித்த தண்ணீர் மட்டும் என்றால் பேச்சு அமிலத்தின் பக்கம் போகும். மூக்கு வழியாக மெல்லிய கம்பி விட்டு 24 மணி நேரம் அளக்கும் பரிசோதனையில் இரைப்பை அமிலமா, குழாயில் நொதித்ததா என்று பிரித்துப் பார்க்கவும் முடியும்.

எரிச்சல் நின்றுவிட்டது என்று செக்கப்பை விட்டுவிடாதே. போயத்துக்குப் பிறகு சிலருக்கு எரிச்சலே தெரியாமல் உள்ளே புண் இருக்கும், எண்டோஸ்கோப்பியில் பார்த்தால்தான் தெரியும். அடுத்தது எப்போது என்று இப்போதே கேட்டுத் தேதி வாங்கிவிடு.

தீபாவளிக்கு இங்கே வருவதாகச் சித்தி சொன்னார். ஸ்லீப்பர் பஸ் வேண்டாம், தட்டையாகப் படுக்க வேண்டியிருக்கும். பகல் ரயிலில் உட்கார்ந்தே வா. இங்கே உனக்கான கட்டிலின் தலைமாட்டை நான் உயர்த்தி வைக்கிறேன், சாப்பாடும் ஏழு மணிக்கே. வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
அக்கா