‘உன் இஷ்டம்’ என்று அனுப்பியது பற்றி

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். படியேறாதே என்றால் கேட்பதில்லை, வடகம் காயப்போட மொட்டை மாடிக்கு அவளேதான் போகிறாள்.

அம்மாவிடம் தினமும் பேசுகிறாய். என்னிடம் பேசி இருபது நாளாகிறது. காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கிலாந்தில் நீ இருக்கிற சண்டர்லேண்டிலேயே வீடு வாங்கட்டுமா என்று கேட்டாய். நான் வாட்ஸ்அப்பில் ‘உன் இஷ்டம்’ என்று இரண்டு வார்த்தை போட்டேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன் வேறு ஒரு விஷயம்.

போன வருஷம் உங்கள் ஊர்ப் பக்கத்து ரைஹோப்பில் நீராவி எஞ்சின்களைக் காட்டக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ காபி வாங்கப் போயிருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் பாதிதான் புரிந்தது. பார்ட்டன் என்ற பெயரையும், இந்த ஊரில்தான் விமானம் விழுந்தது என்பதையும் பிடித்துக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

இரண்டாம் உலகப் போர் சமயம், 1944 மார்ச் 30 இரவு. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தின் மேல் குண்டு போட பிரிட்டனிலிருந்து 795 விமானங்கள் கிளம்பின. நல்ல நிலா வெளிச்சம். அப்படி ஒரு ராத்திரியில் அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். பெல்ஜியத்தின் மேலிருந்து 265 மைல் வளைவே இல்லாத ஒரே நேர்கோடு. ஜெர்மன்காரர்களின் இரவு விமானங்கள் வட்டமடித்துக் காத்திருந்த இடங்களை ஒட்டியே அந்தப் பாதை போனது. குளிரில் ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் வெள்ளைக் கோடு வேறு. 95 விமானங்கள் திரும்பவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படை ஒரே இரவில் அவ்வளவு இழந்தது அந்த ஒரு முறைதான்.

சிரில் பார்ட்டன் ஓட்டியது ஹாலிஃபாக்ஸ் விமானம். யார்க்‌ஷயரில் பர்ன் என்ற தளத்திலிருந்து கிளம்பியது. அவனுக்கு 22 வயது. உன்னைவிட ஏழு வயது சின்னவன். உள்ளே ஏழு பேர். இப்படி ஒரு குழு எப்படிச் சேரும் தெரியுமா? பயிற்சி முகாமில் விமானி, வழிகாட்டி, குண்டு போடுகிறவர், வயர்லெஸ்காரர், துப்பாக்கிக்காரர்கள் எல்லோரையும் ஒரு கூடத்தில் விட்டு, நீங்களே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் ஒதுங்கிவிடுவார்களாம். எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருந்த ராணுவம், இதை மட்டும் பையன்களின் கையில் விட்டிருக்கிறது. எஞ்சினைக் கவனிக்கிறவர் மட்டும் பெரும்பாலும் பிறகு வந்து சேருவார்.

நகரத்துக்கு இன்னும் 70 மைல் இருக்கும்போது எதிரி விமானம் சுட்டது. முதல் சுடலிலேயே உள்ளே ஒருவரோடொருவர் பேசுகிற இன்டர்காம் போய்விட்டது. ஒரு எஞ்சினில் அடி. துப்பாக்கிகளும் வேலை செய்யவில்லை. அந்தக் குழப்பத்தில் ஒரு சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டு, வழிகாட்டியும் குண்டு போடுகிறவரும் வயர்லெஸ்காரரும் பாராசூட்டோடு குதித்துவிட்டார்கள். குதிக்கச் சொன்னதாக நினைத்திருக்கிறார்கள். ஆனால் யாரும் சொல்லவில்லை.

நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டு, துப்பாக்கிச் சூடு, சத்தம். என்னைப் போல மேஜையும் விளக்கும் வைத்துக்கொண்டு யோசிக்க அவர்களுக்கு எங்கே நேரம்?

பார்ட்டன் பாதி வழியில் திரும்பிவிடவில்லை. வழி சொல்ல ஆளில்லாமலே மேலே போய், குண்டுகளைத் தானே போட்டுவிட்டு, எதிர்க்காற்றில் நாலரை மணி நேரம் ஓட்டி இங்கிலாந்துக் கரையைப் பிடித்தான். ஆனால் பிடித்த இடம் தன் தளத்துக்கு 90 மைல் வடக்கே. மதுரையில் இறங்க வேண்டியவன் கிட்டத்தட்ட திருநெல்வேலிக்கே போய் நின்ற மாதிரி. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின்கள் நின்றன. வீடுகளின் மேல் விழாமல் விலக்கப் பார்த்திருக்கிறான். ரைஹோப் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி விழுந்தது. அங்கே இருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும் இறந்தார். உள்ளே மிச்சமிருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள், அவன் பிழைக்கவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்தத் தாய்க்கு அது போதுமா என்று உன் அம்மா கேட்டாள். நான் என்ன சொல்ல?

அவன் போட்ட குண்டுக்குக் கீழேயும் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள் என்பதும் மனதில் இருக்கிறது. அன்றைக்குப் பெரிய சேதமில்லாமல் தப்பிய நியூரம்பர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரி 2-ம் தேதி எரிந்துபோனது. பிரிட்டனின் இந்தக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். இந்தக் கணக்குகளை எல்லாம் படித்த பிறகும் எனக்குத் தூக்கத்தில் வருவது அந்த மூன்று பேர்தான். கதவைத் திறந்துகொண்டு, சொல்லாத ஒரு சொல்லை நம்பிக் குதிக்கிறார்கள்.

31 வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்த்தவன் நான். அடுத்த ஸ்டேஷன்காரரிடம் போனில் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்டால், அவர் ‘சரி, அனுப்பு’ என்றால் போதாது. அந்தச் சொல்லுக்கு அத்தாட்சியாக பிரைவேட் நம்பர் என்று ஒரு எண் சொல்ல வேண்டும். நான் அதைத் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, அப்புறம்தான் வண்டிக்கு சிக்னல். அப்படி ஒழுங்காக இருந்தவன் சொந்தப் பிள்ளைக்கு ‘உன் இஷ்டம்’ என்று அனுப்பிவிட்டு போனை மூடி வைத்திருக்கிறேன். எக்கேடோ கெட்டுப் போ என்றும் அதைப் படிக்கலாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது.

சரி, இப்போது முழுசாகச் சொல்கிறேன். வீட்டை வாங்கு. எனக்குக் கோபமில்லை. வருத்தம் கொஞ்சம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என் பாடு. நம் ஊர் வீட்டை உனக்காகப் பூட்டி வைக்கப் போவதில்லை, மாடியை வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறோம். கீழே ஒரு அறையாவது படியில்லாமல் இருக்கிற வீடாகப் பார். அம்மா வந்தால் மாடி ஏற முடியாது.

கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. நான் சொன்னதை உன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் 47.

இப்படிக்கு,
அப்பா