முதல் அத்தியாயத்துக்கு முன் நாயகியைப் பற்றிய கோப்பு ஒன்றைக் கேளுங்கள்

தொடர்கதை வெளியிடும் இதழ்களின் ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சரித்திர மர்மத் தொடர் ஒன்றை ஏற்கும்போது நீங்கள் கேட்பது ஒரு கதைச் சுருக்கம், மாதிரிக்கு இரண்டு மூன்று அத்தியாயங்கள். நாயகியைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கும்: அழகி, துணிச்சல்காரி, யாருக்கும் அஞ்சாதவள். ஒரு நாவலுக்கு இது போதும், தொடருக்குப் போதாது. மூன்றாவது நாவலுக்குள் வாசகர் கேட்டுவிடுவார்: இந்தப் பெண்ணை அந்த வீட்டுக்குள் யார் விட்டார்கள்? இவள் சொன்னதைப் போலீஸ் ஏன் காதில் போட்டுக்கொண்டது? துணிச்சலை எந்த அத்தியாயத்திலும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் கதவு அவளுக்குத் திறக்கும் என்பதை மட்டும் முதல் வரிக்கு முன்பே முடிவு செய்து ஒரு கோப்பில் எழுதியாக வேண்டும்.

முதலில் ஆண்டு. ‘வெள்ளைக்காரன் காலம்’ என்பது ஆண்டல்ல. 1892, சென்னைப் பட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கல்கத்தாவில் கைரேகைக்கென ஓர் அலுவலகம் வந்ததே 1897இல்தான். ஆகவே நாயகி கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்து ரேகை பார்க்க முடியாது. மின்சார டிராம் 1895இல்தான் ஓடத் தொடங்கியது. அவசரமென்றால் ஜட்கா என்ற குதிரை வண்டிதான், அதற்குக் கூலி தர அவளுக்கு வருமானம் வேண்டும். 12 பை (தம்பிடி) ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் மாதச் சம்பளத்தை எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காட்சிக்குக் காட்சி வண்டி ஏறிக்கொண்டிருப்பாள்.

அடுத்தது தொழில். சாவு தானாக அவளைத் தேடி வரும் தொழிலாக இருக்க வேண்டும்; விருந்துக்குப் போன இடத்திலெல்லாம் பிணம் விழுந்தால் வாசகர் அவளையே சந்தேகிப்பார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. திரைமறைவில் வாழும் கோஷாப் பெண்களுக்கென 1885இல் தனி மருத்துவமனை வந்தது. அங்கே ஒரு மருத்துவ உதவியாளர் என்றால், இன்ஸ்பெக்டர் திண்ணையோடு நிற்கும் வீட்டில் இவள் அறைவரை போவாள். கூடவே அவள் சாதி, மதம் என்ன, எந்த வீட்டுச் சமையலறைக்குள் அவளை விடமாட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். சங்கடம் என்று இதைத் தவிர்க்கும் எழுத்தாளர்களை நிறையப் பார்க்கிறோம். விளைவு, அந்தக் காலத்தில் யாருமே வாழாத ஒரு சென்னை.

தொழில் அவளுக்குக் கண்ணையும் தருகிறது. வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்) கொடுத்துக் கொன்றால் வாந்தி, பேதி, கைகால் இழுப்பு எல்லாம் காலராவைப் போலவே இருக்கும். காலரா பரவும் பருவத்தில் அப்படியொரு சாவை யாரும் சந்தேகிப்பதில்லை. வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. காலராவில் பெரும்பாலும் பேதி முதலில், வாந்தி பிறகு. பாஷாணத்தில் தொண்டை எரிச்சலும் வாந்தியும் முன்னால் வரும். “முதல்ல வாந்தியா, பேதியா?” என்று வேலைக்காரியிடம் அவள் கேட்கும் ஒரு கேள்வி போதும், ஒரு நாவல் தொடங்கிவிடும். ஆனால் நிரூபிக்க அவளால் முடியாது. பாஷாணத்தைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836 முதல் உண்டு, அதைச் செய்வது அரசாங்க ரசாயனப் பரிசோதகர். மாதிரியைப் புட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு அவள் காத்திருக்க வேண்டும். எழுத்தாளர் இந்தக் காத்திருப்பை வெட்டிவிடக் கூடாது. கொலையாளி சுதாரித்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

சட்டமும் அவள் பக்கம் இருக்கிறது. இதை எழுத்தாளர்கள் பயன்படுத்தாமல் விடுவதுதான் எங்களுக்குப் பெரிய ஆதங்கம். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. போலீஸ் காவலில் இல்லாத ஒருவன் அவளிடம் தானாக ஒப்புக்கொண்டால் அது செல்லும். சாகக் கிடப்பவர் தன் சாவுக்கான காரணத்தை அவளிடம் சொன்னாலும் 32ஆம் பிரிவின்கீழ் அது சாட்சியமாகும். பதக்கமும் தொப்பியும் இல்லாத ஒரு பெண்ணை இன்ஸ்பெக்டர் தேடி வர இதைவிட என்ன காரணம் வேண்டும்? அவர் முட்டாளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சட்டம் அவளைக் கட்டிப்போடும் இடமும் உண்டு. அவளை விதவையாக்கி, புருஷன் விட்டுப்போன வீட்டில் குடிவைத்து, அடுத்தடுத்த நாவல்களில் காதலை வளர்க்கிறார்கள். 1856ஆம் ஆண்டு இந்து விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. கூடவே முதல் கணவர் வழிச் சொத்துரிமையைப் பறித்தது. இந்து விதவை என்றால் கல்யாணத்தோடு வீடு போகும். தெரிந்து எழுதினால் அதுவே அருமையான சிக்கல், தெரியாமல் எழுதினால் தொடரில் ஓட்டை.

வயதுக் கணக்கு எளிது, ஆனால் யாரும் போடுவதில்லை. 1892இல் 24 வயது. நாவலுக்கு ஓர் ஆண்டு என்றால் பத்தாவது நாவலில் 1901, வயது 33. நாவலுக்கு நான்கு மாதம் என்றால் 1892 ஜனவரியில் தொடங்கிய பத்தும் 1895 ஏப்ரலில் முடிந்துவிடும். எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். உலகம் அதிகம் மாறாது, கூட இருப்பவர்களும் கைவசம் இருப்பார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. ஒப்பந்தத்துக்கு முன் நாலு பக்கக் கோப்பு ஒன்றைக் கேளுங்கள்: பிறந்த ஆண்டு, தொழில், சம்பளம், தெரிந்த மொழிகள், நுழையக்கூடிய இடங்கள், நுழைய முடியாதவை, அவளுக்குத் தெரியாத விஷயங்கள், அவளை நம்புபவர் யார், ஏன். ஒவ்வொரு நாவல் முடிந்ததும் அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது நாவலில் இடது கையில் பட்ட காயம் ஐந்தாவதில் வலது கைக்கு மாறாமலிருக்க வேறு வழியில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் உட்கார்ந்து படிக்க எழுத்தாளருக்கு மூன்று மாத அவகாசமும் முன்பணமும் கொடுங்கள். அடுத்த வாரமே முதல் அத்தியாயம் வேண்டும் என்று கேட்டால் எங்களால் தர முடிவது பழைய புடவை கட்டிய இன்றைய பெண்ணைத்தான்.

இப்படிக்கு,
சரித்திர மர்மக் கதை எழுதுவோர் சிலர்