கிளைட்ஸ்டேலை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்து கால்பந்தின் தொடக்கக் காலம் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 1874-இல் முதல் ஸ்காட்டிஷ் கோப்பையைக் குயின்ஸ் பார்க் அணி வென்றது என்று சொன்னவர், யாரை வென்றது என்று சொல்லவில்லை. அது மனதை உறுத்தியது.

தோற்ற அணி கிளைட்ஸ்டேல். கிளாஸ்கோவில் 1848 முதல் இருக்கும் ஒரு கிரிக்கெட் கிளப் 1872-இல் தொடங்கிய கால்பந்து அணி அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம் உருவானபோது முதல் தலைவரானவர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல். அவரும் கிளைட்ஸ்டேல்காரர்தான்.

கோப்பையின் காலிறுதியில் கிளைட்ஸ்டேல் தேர்ட் லானார்க் அணியோடு 1-1, மறுபடி ஆடி 0-0, மூன்றாவது ஆட்டத்தில்தான் 2-0 என்று ஜெயித்தார்கள். அப்புறம் மார்ச் 21 அன்று பழைய ஹாம்ப்டன் பார்க்கில் இறுதி ஆட்டம். கிளைட்ஸ்டேலின் கோல்கீப்பர் ராபர்ட் கார்ட்னர். 1872-இல் இங்கிலாந்தோடு நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் கேப்டன். அப்போது அவர் குயின்ஸ் பார்க் வீரர்! தன் பழைய சகாக்கள் அடித்த இரண்டு பந்துகள் தன்னைத் தாண்டிப் போவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ செய்கிறது.

அதே அணியில் ஜேம்ஸ் லாங்கும் இருந்தார். கப்பல் கட்டும் தளத்தில் நடந்த விபத்தில் ஒரு கண்ணில் பார்வை போனவர். 1876-இல் கால்பந்து ஆட இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் போனார். அங்கே கத்தி செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கொடுத்து, உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க விட்டார்களாம். வேலை பெயருக்குத்தான், சம்பளம் கால்பந்துக்கு! உலகின் முதல் தொழில்முறை கால்பந்து வீரர் இவர்தான் என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

அதே 1876-இல் கிரிக்கெட் கிளப் டிட்வுட் மைதானத்துக்கு மாறியது. அது விட்டுப்போன கின்னிங் பார்க் மைதானத்தில் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணி குடியேறி 1887 வரை ஆடியது. உங்கள் கட்டுரையில் ரேஞ்சர்ஸுக்கு அரைப் பக்கம் இருக்கிறது, சரி. அவர்கள் ஆடிய அந்த மண் யாருடையது என்பதற்கு ஒரு வரியாவது வேண்டாமா? கிளைட்ஸ்டேலின் கால்பந்து அணி 1880களின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டது. கிரிக்கெட் கிளப் மட்டும் இன்றும் டிட்வுட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது.

தொடரின் அடுத்த பகுதியில் இந்த அணிக்கு ஒரு பத்தி ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்