விசைப்பலகையில் 'ழ' எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை நடத்தும் 'உமாஜின்' மாநாடு 2023 மார்ச்சில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் மூன்று நாள் நடந்தது. 2024 பிப்ரவரியிலும் 2025 ஜனவரியிலும் இரண்டிரண்டு நாளாக மீண்டும் நடந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அரசு அலுவலகங்களில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இம்மாநாட்டைப் பற்றி வரும் செய்திகளை விடாமல் படித்தும் வருகிறேன். முதலீடு, வேலைவாய்ப்பு, செயற்கை நுண்ணறிவு எல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆயினும், பந்தலைப் பிரித்த பிறகு சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் அரசு நடத்தும் மாநாட்டை நான் எடை போடுவேன்.

அப்படிக் கிடைத்ததும் உண்டு. 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டைப் பலர் மறந்திருப்பார்கள். அந்நாளில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துருவும் விசை அமைப்பும் வைத்திருந்ததால், ஓர் அலுவலகத்தில் அடித்த கடிதம் அடுத்த அலுவலகத்துக் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். நாங்கள் அதை அச்செடுத்து வாங்கி மறுபடியும் முதலிலிருந்து அடிப்போம். அம்மாநாட்டின் பரிந்துரையை ஏற்று அதே ஆண்டு ஜூனில் அரசாணை வந்தது. தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்குப் பெரும்பாலான மெய். 'அ', 'ம', 'ம', 'ஆ' என்று நான்கு விசைகளைத் தட்டினால் புள்ளி தானே விழுந்து 'அம்மா' என்று வரும். பழைய தட்டச்சுப் பொறியில் ஊறிப்போன என் விரல்கள் அதற்குப் பழக மூன்று வாரம் பிடித்தது, அவ்வளவுதான். இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அம்மாநாட்டில் அறிவிக்கப்பட்டதுதான். பின்னர், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடை 2010-இல் அரசு ஏற்றதோடு எழுத்துருச் சிக்கலும் பெருமளவு தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு சென்ற ஆண்டு நான் கண்டதைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் யாழினி (பெயரை மாற்றியிருக்கிறேன், எழுத்துச் சிக்கல் இதேதான்) கல்லூரியில் சேர முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு ஓர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருந்தாள். ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருந்ததோ அதை அப்படியே அடித்து, கணினி தானாக எழுதிக்கொண்ட தமிழை யாரும் படித்துப் பாராமல் அனுப்பியிருக்கிறார்கள். சான்றிதழ் 'யாலினி' என்று வந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், இதில் ஒரு பெயர் என்றால் கல்லூரியில் கேட்பார்களே என்று குடும்பமே கலங்கிப்போக, மறுபடியும் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பிக்க நானும் உடன் போனேன்.

மேசையில் இருந்த இளைஞர் பொறுமையானவர், வேலையில் வேகமானவர். "அதுவா அப்படித்தான் வருதுங்க ஐயா" என்றார். விசைப்பலகையில் 'ழ' எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் தம் கைப்பேசியில் பெயரைத் தட்டி, அதை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பி, கணினியில் திறந்து, நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டினார். அவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு மாநாடு கூட்டித் தீர்த்துவைத்த காரியம் அந்த மேசை வரை வந்து சேராததுதான் வருத்தம். ('ழ'வுக்குத் தமிழ் 99-இல் வலக்கைச் சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் தனி விசையே உண்டு. அதைக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.)

அடுத்த மாநாட்டில், பெரிய நிறுவனங்களின் அரங்குகளுக்கு நடுவே ஓர் இ-சேவை மேசையை, மாவட்ட மையங்களில் உள்ள அதே வேகக் கணினியோடும் இணைப்போடும் போட்டு, வருகை தரும் உயர் அலுவலர்கள் தங்கள் பெயரில் ஒரு சான்றிதழுக்குத் தாங்களே தமிழில் விண்ணப்பித்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். கைகொடுக்க மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மைய ஊழியர் ஒருவரையாவது பேச்சாளருக்குரிய மரியாதையோடு அழைக்கலாம். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து தகராறு செய்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதுவரை, மையம் நடத்த அனுமதி கொடுக்கும்போது ஒரு வாரத் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். பயிற்சி தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற தட்டச்சர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம்; ஊதியமும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுத் தட்டச்சர் ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.